ஐம்பத்தெட்டாவது மாதம்

கட்டம் சின்னதுதான். இரண்டு இலக்கத்துக்கு மேல் பிடிக்காது. கம்ப்யூட்டர் திரையில், கட்டத்துக்கு முன்னால் 'கடந்த' என்றும், பின்னால் 'மாதங்களாகத் தொடர்பில் இல்லாதவர்களை ஓய்வுக்கு அனுப்புக' என்றும் எழுதியிருந்தது. அதில் ஒரு எண்ணைப் போட்டு, கீழே இருக்கும் 'காரணம்' என்ற நீளக் கட்டத்தில் ஒரு வரி எழுதி, பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஹெப்சிபா காலை பதினொன்றே முக்காலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்று, சர்வீஸும் செய்யும் அந்தக் கம்பெனியின் திருநெல்வேலிக் கிளையில், வாடிக்கையாளர் பட்டியல் என்றால் அவள்தான். அட்டையில் பேனாவால் எழுதிய காலத்திலிருந்து பத்தொன்பது வருஷம் ஒவ்வொரு பெயரையும் அவள் கைதான் ஏற்றியிருந்தது. எண்பத்து மூவாயிரம் பேர். யார் வீட்டில் எந்த மெஷின், ஃபில்டர் எப்போது மாற்ற வேண்டும், யாரைக் காலையில் கூப்பிட்டால் கடிப்பார், யாரை மத்தியானம் கூப்பிட்டால் கதை பேசுவார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சென்னைத் தலைமை அலுவலகம் புது சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறது. அதில் பேசாத பெயர்களையெல்லாம் சுமந்துகொண்டு போக முடியாதாம். எத்தனை மாதம் பேசாமல் இருந்தால் ஒருவரை விட்டுவிடலாம் என்பதை, பட்டியலை வளர்த்தவரே சொல்லட்டும் என்று பெருந்தன்மையாகக் கடிதம் வந்திருந்தது. வளர்த்தவளே கழுத்தையும் பிடிக்கட்டும் என்றுதானே இதற்கு அர்த்தம் என்று அவளுக்குக் காலையிலேயே தோன்றிவிட்டது. கிளை மேலாளர் சங்கரலிங்கம் வந்து நின்று, ஒன்றரைக்குள் போட்டுவிடுங்கள் மேடம், ஒரு எண்ணுதானே, என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரு எண்ணுதான். இருபத்து நான்கு என்று போட்டால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். முப்பத்தாறு என்றால் இளகின மனசு என்பார்கள். அவளுக்கு வேண்டியிருந்ததோ ஐம்பத்தெட்டுக்கு மேல் ஒரு எண்.

ஐம்பத்தெட்டு என்பது அவள் தம்பி ஆல்வின். பட்டியலில் அவனும் ஒரு வாடிக்கையாளர். அப்பாவுக்கு உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று, தோஹாவிலிருந்து லீவில் வந்திருந்தபோது தன் பெயரிலேயே, தன் இந்திய நம்பரிலேயே ஒரு மெஷின் வாங்கிச் சமையலறையில் மாட்டிவிட்டுப் போனான். மெஷின் இன்னும் ஓடுகிறது, அந்தத் தண்ணீரைத்தான் அவள் தினமும் குடிக்கிறாள். ஆல்வின் அவளிடம் பேசி ஏழு வருஷம் ஆகிறது. எங்கே இருக்கிறான் என்று தெரியாது. ஓசூரில் பார்த்ததாக சபையில் ஒருவர் சொன்னார், இல்லை மறுபடி வளைகுடாவுக்கே போய்விட்டான் என்று இன்னொருவர் சொன்னார். முதல் வருஷம் அவள் போனிலிருந்து கூப்பிட்டபோதெல்லாம் மணி அடிக்கவே இல்லை, ஒதுக்கி வைத்துவிட்டான், பிறகு அவள் கூப்பிடவில்லை. ஆனால் கம்பெனியை ஒதுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 'அன்புள்ள ஆல்வின் அவர்களே, உங்கள் மெஷினுக்கு சர்வீஸ் நாள் நெருங்குகிறது' என்று கம்பெனிச் செய்தி தானாகப் போகும். போன மறுநிமிஷம் திரையில் அவன் பெயருக்கு நேரே 'சேர்ந்தது' என்று ஒரு சொல் வரும். இருபத்தெட்டுத் தடவை வந்திருக்கிறது. அந்தச் சொல்லைப் பார்ப்பதற்காகவே அவள் அந்த நாட்களில் லீவு போட மாட்டாள். போன மார்ச்சில் நூறு டிகிரிக் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து, சேர்ந்தது என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் டாக்டரிடம் போனாள். ஒரே ஒரு தடவை, ஐம்பத்தெட்டு மாதத்துக்கு முன்னால், செய்தியில் இருந்த 'தேதியைப் பார்க்க' என்ற இடத்தை அந்த நம்பரிலிருந்து யாரோ தொட்டிருந்தார்கள். அவன்தானா, விரல் தவறிப் பட்டதா, பக்கத்து வீட்டுக் குழந்தை போனை வைத்து விளையாடியதா, இல்லை அந்த நம்பரை அவன் என்றைக்கோ விட்டுவிட்டு வேறு யாரோ வாங்கி வைத்திருக்கிறார்களா? அந்த ஒரு தொடுதலை அவள் எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. காலை ஆறு பதினேழுக்குத் தொட்டிருக்கிறது. ஆல்வின் ஆறு மணிக்கு எழுந்திருக்கிற ஆளே இல்லை. வேலை அப்படிப்பட்ட வேலையாக இருக்கலாமே. ஷிப்டு முடிந்து வந்திருக்கலாமே. குழந்தை என்றால் யார் குழந்தை, அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்குமோ, ஆகியிருந்தால் அந்தப் பெண்ணிடம் தன்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பான், ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான், எனக்கு யாரும் இல்லை என்று சொல்லியிருப்பான். இங்கே வந்து யோசனை எப்போதும் நின்றுவிடும். அடைத்துக்கொண்ட ஃபில்டரில் தண்ணீர் நிற்பதுபோல நிற்கும். பிறகு பக்கவாட்டில் கசிந்து வேறு எங்காவது போகும்.

இப்போது பர்வீனிடம் போயிற்று. பர்வீன் எதிர் மேசையில் காதில் ஹெட்போனோடு யாரிடமோ வால்வை இடது பக்கம் திருகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். வேலைக்கு வந்த புதிதில், போனை எடுக்காதவர்களுக்கும் 'பேசினேன், நலமாக இருக்கிறார்' என்று குறிப்பு எழுதிவிடுவாள், ஒரு நாளைக்கு எழுபது பேரிடம் பேசியாக வேண்டும் என்ற விதி அப்படி. அம்பாசமுத்திரத்தில் இறந்து ஒரு வருஷமான ஒரு ரிட்டயர்டு தாசில்தார் பர்வீனின் குறிப்புகளில் ஆறு தடவை நலமாக இருந்தார். அவருடைய மகன் நேரில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போன பிறகு ஹெப்சிபா பெண்களை வரிசையாக உட்கார வைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். பேசாதவரைப் பேசியதாக எழுதுவதும் பொய்ச் சாட்சியும் ஒன்று என்றாள், ஒருத்தி அழுதேவிட்டாள். பாடம் எடுத்து முடித்து, தன் மேசைக்கு வந்து, ஆல்வினின் பக்கத்தைத் திறந்து, 'பேசினேன். நலமாக இருக்கிறார்' என்று எழுதினாள். அவன் பெயருக்குக் குறிப்பு எழுத வேண்டிய வாரம் அது. ஆறு மாதத்துக்கு ஒன்று எழுதாவிட்டால் பழைய சாஃப்ட்வேர் பெயரைச் சிவப்பாக்கிவிடும். இதுவரை பதின்மூன்று குறிப்பு எழுதியிருக்கிறாள். எழுத எழுத வெட்கம் போய்விட்டது. சில தடவை எழுதிவிட்டு அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருக்கும், உண்மையாகவே பேசிவிட்டு வந்தவள்போல. ஒருமுறை துணிந்து, 'குரல் கொஞ்சம் கட்டியிருக்கிறது' என்று கூடச் சேர்த்து எழுதிவிட்டு, பிறகு பயந்துபோய் அழித்தாள். புது சாஃப்ட்வேர் இதையெல்லாம் சட்டை செய்யாது. நாம் எழுதும் குறிப்பு அதற்குப் பொருட்டில்லை, அவர்கள் நம்பரிலிருந்து அவர்களாகவே ஏதாவது செய்திருந்தால்தான் கணக்கு. பதின்மூன்று பொய்யும் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிட்டது.

மணி பன்னிரண்டு ஐந்து. அறுபது போடலாம். ஏன் போடக் கூடாது? மெஷினின் ஆயுள் ஐந்து வருஷம், ஐந்து வருஷம் என்பது அறுபது மாதம், ஆகவே அறுபது. காரணக் கட்டத்தில் அப்படியே எழுதலாம், சென்னையில் தலையாட்டுவார்கள். ஆல்வின் தப்பிவிடுவான். எத்தனை நாளைக்கு? இரண்டே மாதத்துக்கு. அப்புறம் அவனும் அறுபதைத் தொட்டுவிடுவான், அன்றைக்கு அவளைக் கேட்காமலே போய்விடுவான். எழுபத்திரண்டு போட்டால்? தொண்ணூற்று ஒன்பது போட்டால்? தொண்ணூற்று ஒன்பது போட்டால் எதற்கு இந்த வேலை என்று சென்னையிலிருந்து போன் வரும், சங்கரலிங்கம் சாருக்கு வியர்க்கும், எண்ணை அவர்களே போட்டுக்கொள்வார்கள், இருபத்து நான்கு என்று. கீழே போடலாமா? போட்டால் இன்னொன்று இருந்தது. அதைத்தான் அவள் காலையிலிருந்து நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்வுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் கம்பெனி கடைசியாக ஒரு கேள்வி அனுப்பும்: 'எங்களோடு தொடர்பில் இருக்க விரும்பினால் 1, வேண்டாம் என்றால் 2 என்று பதில் அனுப்பவும்.' சாயங்காலம் ஐந்து மணி வரை பார்ப்பார்கள். 1 என்று வந்தால் பெயர் இருக்கும். 2 என்று வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும், போய்விடும். பிறகு செய்தி போகாது, சேர்ந்தது என்ற சொல்லும் வராது. ஆக, மேலே போட்டால் அவன் இருப்பான், ஆனால் அவனிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். கீழே போட்டால் கேட்பார்கள். ஏழு வருஷமாக அவனிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்களா? ஆபீஸ் போனிலிருந்து மூன்று தடவை ஒன்பது இலக்கம் வரை அடித்திருக்கிறாள். பத்தாவது இலக்கத்தை அமுக்கினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், வேறு யாரோ 'ஹலோ' என்பார்கள், இருபத்தெட்டுத் தடவை வந்த சேர்ந்ததெல்லாம் அந்த யாரோவுக்குச் சேர்ந்ததாக ஆகிவிடும். அதைவிட அமுக்காமல் இருப்பது மேல். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

பர்வீன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். இன்னுமா மேடம் யோசிக்கீங்க, என்றாள். இறந்துபோன கணவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவதை நிறுத்தக் கூடாது, வருஷத்துக்கு ஒருநாள் அந்த போன் அடிப்பது தனக்கு வேண்டும் என்று மேலப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா சொல்லியிருந்தார்களே, அவர்களை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்றாள், தனியாக யாரையும் நிறுத்தி வைக்க அந்தக் கட்டத்தில் இடமில்லை என்று தெரியாமல். மெஷினை எப்போதோ விற்றுவிட்டு, வருகிற செய்திக்கெல்லாம் 'சரி' என்று பதினோரு வருஷமாகப் பதில் போடும் வள்ளியூர்க்காரர் எந்த எண் போட்டாலும் தப்பிவிடுவார் என்று சிரித்தாள். ஹெப்சிபாவும் சிரித்தாள். பிறகு பர்வீன் திரையைப் பார்த்து, யோசனையே இல்லாமல், "பேசணும்னு இருக்கவங்க எப்படியும் பேசிருவாங்க மேடம். இத்தன வருசம் கூப்பிட்டும் திரும்பிப் பாக்கலன்னா நம்மள வேண்டாம்னுதான சொல்லுதாங்க? நாமதான் காதுல வாங்காம இருக்கோம்" என்றாள். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாதவர்கள்தான் இப்படி ஆணியை நேராக அடித்துவிட்டுக் கை கழுவப் போவார்கள். ஹெப்சிபாவுக்கு அவள்மேல் கோபம் வந்தது, அது வந்த வேகத்திலேயே தன்மேல் திரும்பிற்று.

கூப்பிட்டும், என்றாளே. யார் கூப்பிட்டது? கூப்பிட வேண்டிய நாலு நாளும் கூப்பிடாமல் இருந்தவள் அல்லவா. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது வியாழக்கிழமை. பயலுக்கு இப்போ சொல்லாத, லீவு கையில கிடைக்கட்டும் என்று அப்பா சொன்னது நிஜம். ஆனால் அது வியாழக்கிழமைச் சொல். வெள்ளிக்கிழமை டாக்டர் கிட்னி சரியில்லை என்றார். ஆல்வினுக்குப் பத்து நாளில் லீவு வருகிறது, இப்போது சொன்னால் வேலையை உதறிவிட்டு ஓடிவருவான், ஒரு நாள் பார்க்கலாம் என்று இருந்தாள். சனிக்கிழமை அப்பா கண்ணைத் திறந்து, ஆல்வின் வந்துட்டானா என்று கேட்டார். வந்துட்டு இருக்கான்ப்பா என்றாள். இதை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. போன் மடியில் இருந்தது. அப்போதாவது எழுந்து வராந்தாவுக்குப் போய்ப் பேசியிருக்கலாம். அப்பா அதைக் கேட்டதும் முகம் தெளிந்து தூங்கிவிட்டார், தூங்குகிறவரைப் பார்த்ததும் நாளைக்குப் பேசலாம் என்று ஆகிவிட்டது. நாள் நெருங்குவதற்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர வேண்டும் என்று எண்பத்து மூவாயிரம் வீட்டுக்கும் நினைவூட்டும் அட்டவணையைப் போட்டவளே அவள்தான். ஞாயிறு சாயங்காலம் அப்பா போன பிறகுதான் ஆல்வினிடம் பேசினாள். மழை, கரண்டு இல்லை, அவன் வரும்வரை உடம்பு தாங்காது என்றார்கள் பெரியப்பா வீட்டார். அதற்கும் தலையாட்டினாள். திங்கட்கிழமை அடக்கம். செவ்வாய்க்கிழமை காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கி டாக்சியில் வந்தவன் வீட்டுக்குள் வராமல் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தான். அவள் பின்னாலேயே ஓடினாள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. அவன் திரும்பாமலே, "எத்தன நாளாக்கா ஆஸ்பத்திரில இருந்தாங்க?" என்று கேட்டான். நாலு நாள் என்றாள். "நாலு நாளும் உன் கையில போன் இருந்துச்சா, இல்லையா?" இருந்தது என்றாள். அப்பாதான் சொல்ல வேண்டாம் என்றார் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், சனிக்கிழமை நினைவு வந்து வாய் கட்டிப்போயிற்று. அன்றைக்கு அவன் அழவுமில்லை, சத்தம் போடவுமில்லை. அதே டாக்சியில் ஏறிப் போய்விட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைக்காத நாளில்லை. அதற்கு ஒரு நல்ல நேரம் வரட்டும் என்று நினைத்தாள்.

அறுபது என்பதும் அதுதானே. சட்டென்று அப்படித்தான் தோன்றியது. ரெண்டு மாசம் போகட்டும் என்பது, நாளைக்குப் பேசலாம் என்பதைத் தவிர வேறென்ன? இருபத்தெட்டு செய்தியும் சர்வீஸ் தேதியைப் பற்றியது. ஒன்றில்கூட அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று, கேட்காமலே அவனை ஒரு பட்டியலில் போட்டுப் பூட்டி வைத்து, சாவித் துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவன் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியாமலில்லை. விரல் தானாக 5 என்று அடித்தது. கட்டத்தில் ஒற்றை 5, பக்கத்தில் கோடு மினுக்மினுக்கென்றது. இப்போது பொத்தானை அமுக்கினால் ஐந்து மாதம் பேசாத அத்தனை பேரும் காலி, பாதி ஜில்லாவே போய்விடும். அவசரமாக அடுத்த இலக்கத்தைத் தேடினாள். 9 போட்டால் அவன் தப்புவான், ஒரே ஒரு மாதத்துக்கு. 9-ன் மேல் விரல் இருந்தது. 7-ஐ அமுக்கினாள். காரணக் கட்டத்தில், மெஷினின் ஆயுள், வாடிக்கையாளர் நலன் என்று ஏதேதோ எழுதி அழித்துவிட்டு, 'கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது' என்று எழுதினாள். பச்சைப் பொத்தானை அமுக்கியபோது மணி பன்னிரண்டு நாற்பத்தொன்று. ஐந்து நிமிஷத்தில் சங்கரலிங்கம் கையில் போனோடு வந்துவிட்டார். அதென்ன மேடம் ஐம்பத்தேழு, முழுசாக ஒரு நம்பர் கிடைக்கவில்லையா என்று சென்னையில் கேக்காங்க என்றார். "அம்பத்தெட்டாவது மாசத்துல ஒருத்தங்க இருக்காங்க சார். அவங்கள இன்னும் யாருமே கேக்கல" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு போனில், எங்க ஊர்க் கணக்கு அப்படித்தான் சார் வருது என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

பதினோராயிரத்துச் சொச்சம் பேருக்குக் கேள்வி போயிருந்தது. பதில்கள் திரையில் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. 2. 2. 1. 'யார் நீங்கள்.' 1. 'மெஷின் ரிப்பேர் ஆகி ரெண்டு வருஷம், இப்பதான் ஞாபகம் வந்துச்சா.' 2. ஆல்வின் பெயருக்கு நேரே 'சேர்ந்தது' என்று மட்டும் இருந்தது. வழக்கமாக அந்தச் சொல் தரும் நிம்மதி வரவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள். மூடியது நினைவில்லாமல் மறுபடி திறந்தாள். ஐந்து மணி வரை இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும், ஐந்து மணிக்கு அவன் பெயர் தானாகப் போய்விடும், அதையும் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு ஏழாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய் அந்த மெஷின் தண்ணீரில் உலை வைக்க வேண்டும். ஏன் போட்டேன் ஐம்பத்தேழு? யார் கேட்டார்கள்? இருந்த ஒரு நூலையும் நானே அறுத்துவிட்டேனே. நிறுத்து என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று தேடினாள், இல்லை. பன்னிரண்டு ஐம்பத்து மூன்றுக்கு ஆல்வினின் வரி மஞ்சளாக மாறிற்று. 1-உம் இல்லாமல் 2-உம் இல்லாமல் எழுத்தில் பதில் வந்தால் மஞ்சளாகும், பொறுப்பாளர் படித்து முடிவு செய்ய வேண்டும். பொறுப்பாளர் அவள்தான். திறந்தாள். 'அப்பாவுக்கு வாங்கின மெஷின் இது. இப்ப என் அக்கா வீட்ல இருக்கு. இனிமே எனக்கு அனுப்பாதீங்க. அக்கா நம்பர் கீழே.' அதற்குக் கீழே பத்து இலக்கம்.

அவளுடைய நம்பர். ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தாள். மேசைமேல் இருந்த தன் போனின் நம்பரே அவளுக்கு ஒரு கணம் மறந்துபோய், மனசுக்குள் சொல்லிச் சொல்லிச் சரிபார்த்தாள். ஒரு இலக்கம்கூடத் தப்பில்லை. இருக்கிறான். அந்த நம்பர் அவனிடம்தான் இருக்கிறது. இருபத்தெட்டுத் தடவையும் அவனுக்குத்தான் சேர்ந்திருக்கிறது. ஏழு வருஷமாக ஒதுக்கி வைத்திருந்த நம்பரைப் பன்னிரண்டே நிமிஷத்தில் எழுதி அனுப்பியிருக்கிறான், அழிக்காமல் வைத்திருந்தானா, மனசிலேயே இருந்ததா? என் அக்கா என்று எழுதியிருக்கிறான். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் கையால் பொத்தி வைத்துக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும். மற்ற வார்த்தைகளும் அதே வரியில் இருந்தன. இந்தக் கம்பெனியில்தான் அக்கா வேலை பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தே, யாரோ ஒரு கம்பெனிக்காரருக்கு எழுதுவதுபோல 'அனுப்பாதீங்க' என்று மரியாதையோடு எழுதியிருக்கிறான். வாடிக்கையாளரே வேறு நம்பர் கொடுத்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும், அதுதான் விதி, பெண்களுக்கெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்த விதி. போடாமல் மஞ்சளாகவே விட்டு வைக்கலாம். அவனும் எழுதவில்லை, அவளும் படிக்கவில்லை என்று ஐந்து மணி வரை இருக்கலாம். நாலு நாள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே, அப்படி. கல்லறைத் தோட்டத்துக்குப் பிறகு அவன் அவளிடம் கேட்டது இது ஒன்றுதான். பர்வீன் சாப்பிட வரலையா மேடம் என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். இந்தா வாரேன் என்றாள். அவனுடைய பத்து இலக்கத்தைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். தன்னுடையதை அடித்தாள். சேமித்தாள்.

மேசைமேல் அவள் போன் ஒருமுறை அதிர்ந்தது. 'அன்புள்ள ஆல்வின் அவர்களே, உங்கள் எண் மாற்றப்பட்டது. இனி எங்கள் செய்திகள் அனைத்தும் இந்த எண்ணுக்கே வரும். நிறுத்த வேண்டுமானால் 2 என்று பதில் அனுப்பவும்.' ஹெப்சிபா அதை இரண்டு தடவை படித்தாள். 2 அனுப்பவில்லை.